மாவு டிரே நிற்காத வண்டி: கடலூரில் ஒரு குடும்பம் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கிய கதை

## பின்னணி

கடலூர் புதுப்பாளையத்தில் இட்லி மாவு அரைத்து, ஒரு கிலோ பாக்கெட்டாகக் கட்டிக் கடைகளுக்குப் போடும் குடும்பம் இது. அந்த வீட்டு அக்காவுக்கு 46 வயது. கணவருக்கு முழங்கால் தேய்மானம். மகள் கல்லூரியில் படிக்கிறாள். பத்து வருடமாகக் கணவர்தான் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் மாவு கொண்டுபோய்ப் போட்டுவந்தார். 2024 தொடக்கத்தில் அவரால் வண்டியை உதைத்துக் கிளப்பவோ, ஸ்டாண்ட் போடவோ முடியாமல் போனது. இனி அக்காதான் ஓட்ட வேண்டும். அவரிடம் லைசென்ஸ் இல்லை, அதற்கு முன் சைக்கிள் தவிர வேறெதையும் ஓட்டியதும் இல்லை.

நான் மஞ்சக்குப்பத்தில் இருசக்கர வண்டிப் பட்டறை வைத்திருக்கிறேன். அவர்களுடைய எக்ஸ்எல்லைப் பல வருடம் பார்த்தவன். இந்த விஷயத்தில் என் பங்கும் இருக்கிறது என்பதால் அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அவர்களுடைய வேலை இப்படி: காலை 4:45க்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். பால் பாக்கெட் வரும் அதே பிளாஸ்டிக் டிரே இரண்டு, ஒன்றுக்கு 15 பாக்கெட், மொத்தம் 30 கிலோ. மஞ்சக்குப்பத்தில் நாலு கடை, பிறகு கெடிலம் பாலம் ஏறி இறங்கி திருப்பாப்புலியூர், அங்கிருந்து ரயில்வே சுரங்கப்பாதை வழியாக அந்தப் பக்கம் மூன்று கடை. ஆறரைக்குள் எல்லாக் கடைக்கும் போயாக வேண்டும். வெயில் ஏறினால் மாவு புளித்துப் பாக்கெட் உப்பிவிடும், கடைக்காரர் திருப்பி அனுப்பிவிடுவார். மாலையில் வசூலுக்கும் உளுந்து, அரிசி வாங்கவும் இன்னொரு நடை. எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 24, 25 கிலோமீட்டர்.

பெட்ரோலுக்கு மாதம் 1,600 ரூபாய் ஆகிக்கொண்டிருந்தது. சீட்டுப் பணம் 60,000 கைக்கு வரவே எலெக்ட்ரிக் வண்டி பார்க்கலாம் என்று முடிவெடுத்தார்கள்.

## கடையில் நடந்தது

2024 ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பதினோரு மணிக்கு மூவரும் ஷோரூமுக்குப் போனார்கள். இரண்டு வண்டிகளில் வந்து நின்றது பேச்சு.

ஒன்று வெளிர்பச்சை நிறம். உருண்டை விளக்கு, அதைச் சுற்றி வெள்ளை வளையமாக எரியும் எல்இடி, பளபளக்கும் குரோம் கைப்பிடி, பின்பக்கம் வழித்துவிட்டதுபோல் வளைந்து இறங்கும் உடல். பழைய காலத்து ஸ்கூட்டரை நினைவூட்டும் வடிவம். 250 வாட் மோட்டார், 25 கிலோமீட்டருக்கு மேல் வேகம் போகாது. அதனால் பதிவு, லைசென்ஸ், இன்சூரன்ஸ் எதுவும் வேண்டாம். 62,000 ரூபாய்.

இன்னொன்று சாம்பல் நிறப் பெட்டி மாதிரி. தட்டையான ஃபுட்போர்டு, பின்னால் இரும்புக் கேரியர், முன்னால் கொக்கி. கணவர் அதைப் பார்த்ததும், "கேஸ் சிலிண்டர் போடுற வண்டி மாதிரி இருக்கு" என்றார். அதோடு அதன் பேச்சு முடிந்துவிட்டது. விலையில் பெரிய வித்தியாசமும் இல்லை.

அக்கா அன்று சொல்லாமல் பல மாதம் கழித்து என்னிடம் சொன்னது இது: "பத்து வருஷமா எங்க வீட்டு வண்டியை மாவு வண்டின்னுதான் தம்பி தெருவுல சொல்வாங்க. நான் முதல்முதலா ஓட்டப்போற வண்டி. அதையும் அப்படிச் சொல்லக்கூடாதுன்னு நெனச்சேன்." இதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. நாற்பத்தாறு வயதில் முதல்முறையாக ஒருவர் தன் பெயரில் வண்டி வாங்குகிறார். அது பார்க்க அழகாக இருக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டதில் ஒரு குறையும் இல்லை. வேலைக்கு வாங்குகிறவர்களுக்கு அழகு எதற்கு என்று கேட்கிறவர்களிடம் எனக்குக் கோபம்தான் வரும். தப்பு வேறு இடத்தில் நடந்தது.

அங்கிருந்து எனக்கு போன் செய்தார்கள். "தம்பி, பச்சை வண்டி நல்லாயிருக்கு, வாங்கலாமா?" என்று அக்கா கேட்டார். கம்பெனி பெயரையும் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதையும் கேட்டேன். 60 ஓடும் என்றார்கள். உங்களுக்கு 25தானே, தாராளமாக வாங்குங்கள் என்று சொல்லிவிட்டேன். என்ன பேட்டரி என்று கேட்கவில்லை. டிரேயை எங்கே வைப்பீர்கள் என்றும் கேட்கவில்லை. பட்டறையில் ஒரு கை வேலையாக இருந்தது என்பதைத் தவிர அதற்குக் காரணம் எதுவும் இல்லை.

டெமோ வண்டியை மகள் ஓட்டிப் பார்த்தாள். ஷோரூம் வாசலில், சமதரையில், பட்டப்பகலில், சுமை இல்லாமல், இரண்டு நிமிடம். எக்ஸ்எல்லை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டார்கள். இந்த முடிவுதான் பிறகு அதிகம் அடித்தது.

## முதல் நாலு மாதம்

மறுநாள் விடியற்காலையிலேயே சிக்கல் தெரிந்தது. அந்த வண்டியின் ஃபுட்போர்டு தட்டை இல்லை. நடுவில் முன்னும் பின்னுமாக ஒரு முதுகுபோல இரண்டு விரல் உயரத்துக்கு மேடு. அடியில் இருக்கும் குழாயை அழகாக மூட அப்படி வடித்திருக்கிறார்கள். கால் வைத்து உட்கார அது உறுத்தாது. டிரே வைத்தால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும். அக்கா கோணிப்பையை நாலாக மடித்து மேட்டின் இரண்டு பக்கமும் திணித்து, அதன்மேல் டிரேயை வைத்துக் கயிறு போட்டார். இரண்டாவது டிரேயை மேலே அடுக்கினால் ஹேண்டில் திரும்பவில்லை. பின்சீட்டில் கட்டலாம் என்றால் வழித்துவிட்ட அந்தப் பின்பக்கத்தில் கயிறு போட ஒரு பிடி இல்லை, கேரியர் மாட்டவும் இடம் விடவில்லை. சீட்டுக்கு அடியில் முழுக்கப் பேட்டரி. ஆக, ஒரே நடையில் முடிந்த வேலை இரண்டு நடையானது. காலை ஓட்டம் 14 கிலோமீட்டரிலிருந்து 25க்கு மேல் போய்விட்டது.

இரண்டாவது, விளக்கு. அந்த வெள்ளை வளையம் தூரத்திலிருந்தே கண்ணைப் பறிக்கும். ஆனால் சாலையில் விழும் வெளிச்சம் நாலைந்து அடிதான். பகல் பதினோரு மணிக்கு வண்டி பார்க்கப் போனவர்களுக்கு அது எப்படித் தெரியும்? ஒரு நாள் பாலத்துக்கு முன்னால் படுத்திருந்த மாட்டை அருகில் வந்த பிறகுதான் பார்த்ததாக அக்கா சொன்னார். 25 கிலோமீட்டர் வேகம் என்பதால் நிறுத்த முடிந்தது.

மூன்றாவது, பாலம். வண்டி, அக்கா, மாவு மூன்றும் சேர்ந்து 170 கிலோ வைத்துக்கொள்ளலாம். 100 அடிக்கு 3 அடி உயரும் ஏற்றத்தில் அவ்வளவு எடையை மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் ஏற்ற 300 வாட்டுக்கு மேல் தேவைப்படும். மோட்டார் தொடர்ந்து கொடுக்கக்கூடியது 250. கொஞ்ச நேரம் கூடுதலாக இழுக்கும், அந்தக் கூடுதல் சூடாக மாறும். தினமும் இரண்டு நடை என்றால் நாலு தடவை ஏற்றம். பாலத்தின் பாதியில் வண்டி நடக்கும் வேகத்துக்கு வந்துவிடும், பின்னால் பஸ் ஹாரன் அடிக்கும்.

இதைச் சொல்லி ஷோரூமுக்குப் போனபோது அங்கிருந்த மெக்கானிக், "லாக் எடுத்து விட்டுர்றேன், நாப்பது போகும்" என்றிருக்கிறார். அக்கா என்னிடம் வந்து கேட்டார். கண்டிப்பாக வேண்டாம் என்றேன். பதிவும் லைசென்ஸும் வேண்டாம் என்ற சலுகையே 250 வாட், 25 கிலோமீட்டர் என்ற வரம்புக்குள் இருக்கும் வண்டிக்குத்தான். அந்த வேகப் பூட்டைத் திறந்த நிமிடமே அது பதிவு செய்யாத, இன்சூரன்ஸ் இல்லாத மோட்டார் வண்டி. யார் மீதாவது மோதினால் இழப்பீடு முழுவதும் அந்தக் குடும்பத்தின் தலையில் விழும். மோட்டாரும் அதே மோட்டார்தான், ஏற்றத்தில் இன்னும் சீக்கிரம் வெந்துபோகும்.

இவ்வளவுக்கும் நடுவில் வண்டி அவர்களுக்குப் பிடித்தும் இருந்தது. மாலை வசூலுக்கு அதில் போவதில் அக்காவுக்குச் சந்தோஷம். கடைக்காரர்கள் விலை கேட்டார்கள். மாதப் பெட்ரோல் செலவு நின்றது. இதையும் பதிவு செய்ய வேண்டும்.

## மழைக்காலம்

அக்டோபரிலேயே வண்டி ஒரு சார்ஜில் 35 கிலோமீட்டர்தான் ஓடியது. மதியம் ஒரு தடவை சார்ஜ் போட்டுச் சமாளித்தார்கள்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. பின்னாலேயே சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூர்ப் பக்கம் ஊர்களுக்குள் புகுந்தது. இந்தக் குடும்பத்தின் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை. முந்தின நாள் மாலை ஓட்டிவிட்டு, காலையில் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று கிட்டத்தட்டக் காலியான நிலையில் வண்டியை நிறுத்தியிருந்தார்கள். அப்படியே மூன்று நாளும் நின்றது.

கரண்ட் வந்த மறுநாள் சார்ஜ் போட்டுக்கொண்டு கிளம்பியவர், சுரங்கப்பாதையில் தேங்கியிருந்த தண்ணீரில் இறங்கினார். முழங்காலுக்குக் கீழேதான் தண்ணீர். ஆனால் இந்த வண்டியின் உடல் அழகுக்காகத் தரையோடு தாழ்ந்திருக்கிறது. பாதி வழியில் நின்றுவிட்டது. முப்பது கிலோ எடை இல்லை, ஒரு டிரேதான். அதைத் தலையில் வைத்துக்கொண்டு, வண்டியை இரண்டு பையன்கள் தள்ள, மேலே வந்தார். அன்று மூன்று கடைக்கு மாவு போகவில்லை.

## பட்டறையில் பார்த்தது

வண்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றி என்னிடம் கொண்டுவந்தார்கள். மோட்டாருக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரைப் பார்க்க 14 ஸ்க்ரூ கழற்ற வேண்டியிருந்தது. எங்கும் இணைப்புத் தெரியாதபடி மூடிய உடல் என்பதால் கிளிப்புகள் உள்ளே இருந்தன, கழற்றும்போதே இரண்டு உடைந்தன. ஃபுட்போர்டுக்கு அடியில் கோணிப்பையிலிருந்து வழிந்த மாவு இடுக்கில் புகுந்து காய்ந்து, மஞ்சளாக ஏடு கட்டிப் புளித்த நெடி வீசியது. கன்ட்ரோலர் அதற்கு நேர் கீழே, வண்டியிலேயே தாழ்வான இடத்தில். இணைப்புகளில் பச்சைக் களிம்பு. கடல் அங்கிருந்து சில கிலோமீட்டர்தான், உப்புக்காற்று எதையும் விடாது. குரோம் கைப்பிடியிலும் ஆறே மாதத்தில் துரு புள்ளி புள்ளியாக வந்திருந்தது.

பேட்டரி, லெட் ஆசிட், அதாவது ஈய-அமில வகை. 12 வோல்ட், 28 ஆம்பியர்-ஹவர், நாலு. பெருக்கிப் பார்த்தால் 1,344 வாட்-ஹவர், அதாவது ஒன்றேகால் யூனிட்டுக்குச் சற்று மேல். லெட் ஆசிட்டில் அதை முழுதும் உறிஞ்சி எடுக்கக் கூடாது. அடிவரை காலி செய்தால் ஆயுள் குறையும், சுமையோடு அதிகக் கரண்ட் இழுக்கும்போது கிடைக்கும் மொத்த அளவும் குறையும். 60 கிலோமீட்டர் என்று சொன்னது ஒரே ஆள், சமதரை, புதுப் பேட்டரி என்ற கணக்கில்.

முழு சார்ஜ் ஏற்றிவிட்டு மீட்டர் வைத்துப் பார்த்தேன். மூன்று பேட்டரி 12.6க்குப் பக்கத்தில் காட்டின. நாலாவது 11.2. மோட்டாரைச் சுற்றவிட்டால் அது 9க்கு விழுந்தது. நாலும் வரிசையாக இணைந்தவை. ஒன்று படுத்தால் மற்ற மூன்றும் நல்லதாக இருந்தும் பிரயோஜனம் இல்லை, கன்ட்ரோலர் வோல்டேஜ் போதாது என்று அணைத்துவிடும். காலியான லெட் ஆசிட் பேட்டரியைச் சார்ஜ் இல்லாமல் விட்டால் உள்ளே தகட்டில் சல்ஃபேட் கெட்டிப்பட்டுவிடும். தினமும் அடிவரை இழுத்ததில் பலவீனமாகியிருந்த ஒன்றை அந்த மூன்று நாள் முடித்துவிட்டது.

கடையில் வாரண்டி கேட்டார்கள். தண்ணீர் பட்டது என்று மறுத்துவிட்டார்கள். நாலு பேட்டரி, கன்ட்ரோலர் இரண்டும் சேர்த்து 24,000 கேட்டார்கள்.

## அடுத்த முடிவு

மூன்று வழி இருந்தது. 24,000 போட்டு அதையே ஓட்டுவது. பழைய எக்ஸ்எல் ஒன்று வாங்குவது. வேறு எலெக்ட்ரிக் வண்டிக்குப் போவது.

முதலாவதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. பேட்டரி மாற்றினாலும் ஃபுட்போர்டு மேடு மாறாது, பாலமும் மாறாது. கணவர் எக்ஸ்எல் பக்கம் சாய்ந்தார். அதில் நியாயம் இருந்தது, சுமை தாங்கும், எங்கேயும் ரிப்பேர் பார்க்கலாம். ஆனால் அக்கா, "உதைக்கிற வண்டி வேண்டாம், இதுல கை பழகிடுச்சு" என்றார். எலெக்ட்ரிக் வண்டியின் சத்தமில்லாத, அதிராத ஓட்டம் அவருக்குப் பிடித்திருந்தது. ஆகவே மூன்றாவது வழி. இந்த முறை பதிவு செய்யும் வண்டிதான் என்று முடிவானது. 2025 ஜனவரியில் எல்எல்ஆர் போட்டார், 30 நாள் கழித்து எட்டுப் போட்டுக் காட்டி லைசென்ஸ் வாங்கினார். அதுவரை ஆட்டோவில் மாவு போனது. ஆட்டோ கட்டுப்படியாகாத இரண்டு கடைகள் கைவிட்டுப் போயின, அவை இன்னும் திரும்பவில்லை.

மார்ச் மாதம் ஷோரூம்களுக்கு நானும் போனேன். மாவு டிரே இரண்டையும் ஒவ்வொன்றிலும் 15 கிலோ அரிசியோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். முதல் கடையில் விற்பனைப் பையன் முகம் சுளித்தான். இரண்டாவது கடை மேனேஜர் தாமே டிரேயைத் தூக்கி வைத்துப் பார்த்தார். நாலு வண்டியில் இரண்டில் டிரே உட்காரவே இல்லை. மூன்றாவதில் உட்கார்ந்தது, ஹேண்டிலை முழுக்கத் திருப்பினால் இடித்தது. நாலாவதில் ஒன்று கீழே, ஒன்று பின் கேரியரில், எதிலும் இடிக்கவில்லை. அப்படியே சுமையோடு பாலம் ஏறி இறங்கிக் காட்டச் சொன்னோம். மாலை ஏழு மணிக்கு மறுபடி போய் விளக்கைப் பார்த்தோம்.

அந்த வண்டியில் 2.2 யூனிட் கொள்ளும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி, 12 அங்குலச் சக்கரம். பேட்டரிப் பெட்டிக்கு ஐபி 67 தரம், அதாவது ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் முங்கினாலும் உள்ளே புகாது. திருத்தப்பட்ட ஏஐஎஸ் 156 பேட்டரிப் பாதுகாப்பு விதி 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரண்டு கட்டமாக அமலுக்கு வந்தது, அதற்குப் பிந்தைய தயாரிப்பா என்று பேட்டரித் தேதியைப் பார்த்துக்கொண்டோம். மத்திய அரசின் பிஎம் இ-டிரைவ் திட்டத்தில் அப்போது பேட்டரி கொள்ளும் ஒரு யூனிட்டுக்கு (கிலோவாட்-ஹவர்) 5,000 வீதம், அதிகபட்சம் 10,000 மானியம் இருந்தது. முழு 10,000 கழிந்தது. முதல் வண்டிக்கு அது இல்லை, லெட் ஆசிட்டுக்கும் பதிவில்லாத வண்டிக்கும் மானியம் கிடையாது. தமிழ்நாட்டில் சாலை வரி விலக்கும் இருந்தது. எல்லாம் போக 1,04,000. பச்சை வண்டியை 19,000க்கு எடுத்துக்கொண்டார்கள். மீதிக்கு மகளிர் குழுக் கடன்.

வண்டி பெட்டி வடிவம்தான். சாம்பல் நிறம் உடனே கிடைக்கும், கருஞ்சிவப்பு வேண்டுமென்றால் 12 நாள் ஆகும் என்றார்கள். கணவர் சாம்பலையே எடுத்துவிடலாம் என்றார். காத்திருங்கள் என்று நான்தான் வற்புறுத்தினேன். பன்னிரண்டு நாள் ஆட்டோக் கூலி போனால் போகட்டும். பின் கேரியரை நாலு போல்ட்டில் கழற்றி மாட்டும்படி பட்டறையில் செய்து கொடுத்தேன்.

## பிறகு

ஓராண்டு ஓடிவிட்டது. சுமையோடு 60 கிலோமீட்டருக்குக் குறையவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் சார்ஜ். காலை ஒரே நடை. 2025 மழைக்காலத்தில் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் சுற்றிக்கொண்டு போனார், 60 ஓடும் வண்டியில் அதற்கு இடமிருந்தது. வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் தாவும் என்பதால் கிரைண்டர், வண்டி எல்லாவற்றையும் கணக்குப் பார்த்தே ஓட்டுகிறார்கள்.

குறைகளும் உண்டு. வண்டி நூறு கிலோவுக்கு மேல், மெயின் ஸ்டாண்ட் போட அக்காவுக்கு மகள் துணை வேண்டும். சீட் உயரம் அவருக்குக் கொஞ்சம் அதிகம். முதல் வண்டியில் போன 43,000 போனதுதான், அது ஓடிய ஆறு மாதத்தில் மிச்சமான பெட்ரோல் 10,000கூட வராது.

தை மாதம் நெல்லிக்குப்பத்தில் ஒரு கல்யாணம். முந்தின நாள் மாலை அக்கா பட்டறைக்கு வந்து கேரியரைக் கழற்றச் சொன்னார். போல்ட் துளைகளை மூட ரப்பர் மூடி வேண்டும் என்றும் கேட்டார். ஃபுட்போர்டு இடுக்கைப் பழைய பல் பிரஷ் வைத்து அவரே தேய்த்தார். பட்டுப்புடவையில் மகளைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு மறுநாள் காலை என் கடை வாசல் வழியாகப் போனார்.

## என்ன மாற்றிச் செய்வேன்

போனில் வண்டி சொல்வதை நிறுத்திவிட்டேன். யார் கேட்டாலும் மூன்று கேள்வி கேட்கிறேன்: என்ன ஏற்றுவீர்கள், எத்தனை மணிக்கு ஓட்டுவீர்கள், வழியில் ஏற்றமோ தண்ணீரோ எங்கே. பேட்டரியைப் பற்றி அதற்கப்புறம்தான் பேச்சு. புது வண்டி பழகும்வரை பழைய வண்டியைக் கொடுக்காதீர்கள் என்றும் சொல்கிறேன். எக்ஸ்எல் அதுவரை வீட்டில் இருந்திருந்தால் அந்த இரண்டு கடைகள் போயிருக்காது. என்ன நிறம் பிடிக்கும் என்பதையும் நானே கேட்டுவிடுகிறேன், இல்லாவிட்டால் அவர்கள் சொல்லக் கூச்சப்படுகிறார்கள்.

போன வாரம் தாழங்குடாவிலிருந்து மீன் விற்கும் ஓர் அம்மா வந்தார். மகன் போனில் காட்டிய நீல வண்டி பிடித்திருக்கிறது என்றார். மீன் அன்னக்கூடையைக் கொண்டுவரச் சொல்லி, இரண்டு பேருமாகக் கடைக்குப் போனோம். கூடையின் அடி அகலம் 42 சென்டிமீட்டர். நீல வண்டியின் ஃபுட்போர்டு 38. அந்த அம்மா கூடையை வைத்துப் பார்த்தார், எடுத்தார், சேலைத் தலைப்பால் ஃபுட்போர்டில் பட்ட ஈரத்தைத் துடைத்துவிட்டு, "வேற நீலம் எங்க இருக்கு தம்பி?" என்று கேட்டார். அடுத்த கடைக்குப் போனோம்.